ஏழரை மணிக் கடித மூட்டை

எங்கள் அறையில் காலை ஏழரை மணியிலிருந்து எட்டு மணி வரை யாரும் பேசக் கூடாது. "டெலிபோன் கேட்டுக்கொண்டிருக்கிறது. இருமல், தும்மல், சிரிப்பு எல்லாம் வெளியே" என்று அண்ணி பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்.

கல்லூரியின் கடைசிக் கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கப்பட்ட அறை அது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு டெலிபோன். டெலிபோனுக்குப் பக்கத்தில் செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று. அதன் முதுகில் இரண்டு ரப்பர் கிண்ணங்கள். தலைநகரில் இருந்த பெரிய கம்ப்யூட்டரின் நம்பரைச் சுழற்றி, அந்தப் பக்கம் விசில் கேட்டதும் ரிசீவரைக் கிண்ணங்களில் கவிழ்த்து அழுத்த வேண்டும். பிறகு இரண்டு இயந்திரங்களும் கீச்சுக்கீச்சென்று பேசிக்கொள்ளும். அந்தக் கீச்சுக்குரல்தான் கடிதம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் எங்கள் கல்லூரி ஆசிரியர்களுக்கு எழுதியவை, கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவித் தலைநகருக்கு வந்து, காலையில் எங்களுக்காக ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுக் காத்திருக்கும்.

மூட்டையின் கடைசியில் ஒரு கூட்டுத்தொகை வரும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. மூட்டையிலுள்ள எல்லா எழுத்தையும் கூட்டினால் வருகிற தொகை அது. எங்கள் கம்ப்யூட்டரும் தனியாகக் கூட்டிப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் 'கிடைத்தது' என்று பதில் சொல்லும். அறையில் ஒரு தம்ளர் விழுந்தால் போதும், அந்தச் சத்தம் ரிசீவருக்குள் புகுந்து ஏதோ ஓர் எழுத்தாக உட்கார்ந்துகொள்ளும். கூட்டல் உதைக்கும். ஓர் எழுத்து பிசகியதற்காக மூட்டை முழுவதையும் எங்கள் கம்ப்யூட்டர் தூக்கி எறிந்துவிடும். தலைநகரத்து இயந்திரத்துக்கு மானம் ரோஷம் கிடையாது. பிரதியைப் பத்திரமாக வைத்திருந்து, மறுநாள் புதிதாக வந்தவற்றோடு சேர்த்துக் கட்டி மறுபடியும் நீட்டும். ஆனால் எங்களுக்கு விட்டது அந்த அரை மணி நேரம் மட்டும்தான். எட்டு மணிக்கு வேறொரு கல்லூரியின் முறை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்ன ஒருநாள், வாயைத் திறக்க முடியாமல் மணி அடிக்கும் வரை நின்றேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஐந்து வருடம் வீட்டில் இருந்தேன். அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த அண்ணி, அந்த அறைக்குப் பொறுப்பாளர் ஆனதும் என்னையும் உதவிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்லுவாங்க. எங்க வீட்டு ஊமைக்குப் பாரு, வாயத் திறக்காம இருக்கறதுக்கே சம்பளம்" என்று அண்ணன் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் லேத் ஓட்டுகிறவன். நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியவன். அவனை ஏழரை மணிக்கு அந்தத் தெருவுக்குள்ளேயே விடக் கூடாது என்று அண்ணி சொல்வார்.

நான் ஏழு மணிக்கே போய் அறையைத் திறப்பேன். அண்ணி வீட்டு வேலையை முடித்துவிட்டு எட்டு மணிக்கு வருவார். வந்த கடிதங்களை அச்செடுத்துக் கிழித்து, ஒவ்வொரு ஆசிரியருக்கும் உரிய மரத்தட்டில் வைப்பது என் வேலை. ஒரு ரெஜிஸ்டரும் உண்டு. தேதி, வந்தது எத்தனை, போனது எத்தனை, கூட்டல் உதைத்ததா, காரணம் என்ன என்று கட்டம் போட்டிருக்கும். அச்செடுக்கும்போது கண்ணில் படுவதை நான் வாசிக்காமல் இருந்ததில்லை. யாருக்கு எங்கே வேலை கிடைத்தது, யாருடைய கட்டுரையை யார் திருப்பி அனுப்பினார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. அதுவரை அதை ஒரு நல்ல குணமென்று நினைத்திருந்தேன்.

அண்ணிக்கு வந்த கடிதத்தையும் அப்படித்தான் வாசித்தேன். கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் அனுப்பும் முறை பற்றி, வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுடன் எட்டு மாதமாக அவருக்குக் கடிதப் போக்குவரத்து இருந்தது. 'ஒரு வருடம் எங்களோடு வேலை செய்ய உங்களை இங்கே அழைப்பதா என்பது பற்றிய எங்கள் முடிவு திங்கட்கிழமை உங்களுக்குக் கிடைக்கும். சனிக்கிழமைக்குள் உங்கள் சம்மதம் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அடுத்தவரை அழைத்துவிடுவோம்' என்று எழுதியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அண்ணி அதை வீட்டில் சொன்னார்.

"போனா எத்தன மாசம்?" என்றாள் அம்மா.

"ஒரு வருஷம் அத்தை. இன்னும் முடிவாகல. நாளைக்குத் தெரியும்."

"போய்ட்டு வரட்டும்மா" என்றான் அண்ணன். "ஒரு வருஷம் என் சமையல சாப்பிட்டீன்னா உனக்குச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் தானா இறங்கிடும்."

"உன் சமையலச் சாப்பிட்டா மூச்சும் சேந்து இறங்கிடும்டா." அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள். "அது சரி, அப்ப இவ?"

அண்ணி என்னைப் பார்த்தார். "அறைய வேற யாருக்காவது குடுப்பாங்க. அவங்க இவள வெச்சுக்குவாங்களான்னு தெரியல அத்தை. பேசிப் பாக்கறேன்."

"எதுக்குப் பேசணும்? வீட்டுக்கு வரட்டும். நல்ல இடமாப் பாத்து முடிச்சுடலாம். வாயே திறக்காத பொண்ணுன்னா மாமியாருங்க க்யூவுல நிப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை காலை ரிசீவரைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு முப்பத்தைந்து. பெட்டியின் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. வெளியே நடைவழி பெஞ்சில் கல்லு சார் உட்கார்ந்திருந்தார். மண்ணியல் கற்பிக்கிறவர், சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து கூழாங்கல் இருக்கும் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர். அவருடைய ஒரே மகள் வெளிநாட்டில் இருந்தாள், நிறைமாதம். தாய் இல்லாத பெண். மருமகன் அங்கிருந்த கல்லூரியின் கம்ப்யூட்டரில் எழுதுவான். அதனால் சார் காலை நடையை முடித்துக்கொண்டு நேராக அந்தப் பெஞ்சுக்கு வந்துவிடுவார்.

அந்த மூட்டைக்குள் அண்ணியின் கடிதம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் நடுவிரலை மடக்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். கதவைத் தட்டுவது போல, ஒரே ஒரு தட்டு. அதற்கு முன் அந்த அறையில் நான் எழுப்பிய சத்தம் என்று எதுவும் கிடையாது. விரல் வலித்ததுகூட நினைவிருக்கிறது.

ஐந்து நிமிடம் கழித்துக் கல்லு சார் வெளியே தும்மினார். அவருடைய தும்மல் கல்லூரி முழுக்கப் பிரசித்தம். மூன்றாவது மாடியில் வகுப்பெடுப்பவர்கள்கூட 'நூறாயுசு' என்று சொல்லிவிட்டுத் தொடர்வார்கள்.

கூட்டல் உதைத்தது. எட்டு மணிக்கு அண்ணி உள்ளே வந்ததும் திரையைத்தான் பார்த்தார்.

"என்னாச்சு? ஏதாவது சத்தமா?"

நான் பதில் சொல்வதற்குள் கதவுக்குப் பக்கத்தில் கல்லு சார் வந்து நின்றார். "நான்தாம்மா. தும்மிட்டேன். அடக்கித்தான் பாத்தேன். அது என்ன, சொன்ன பேச்ச கேக்கற மாணவனா?"

"சார், கதவுல எழுதி ஒட்டியிருக்கேனே."

"படிச்சேன். தும்மலுக்குப் படிக்கத் தெரியலையே."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பரவால்ல சார். நாளைக்கு எல்லாம் சேந்து வந்துடும்." என்னிடம் திரும்பினார். "எழுதிடு. காரணம், தும்மல்."

எழுதினேன். நான் செய்தவற்றில் மேசையைத் தட்டியது சின்னது. அந்த ஒரு சொல்லை என் கையால் எழுதியதுதான் இன்றைக்கும் உடம்பைக் கூச வைக்கிறது.

செவ்வாய்க்கிழமை சார் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொள்ளைக்காரனைப் போல இருந்தார். நான் மறுபடியும் தட்டினேன். எட்டு மணிக்கு அவர் தன் செருப்பைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார். "இதுல ஆணி அடிச்சிருக்கும்மா. காலத் தூக்கி வச்சப்ப 'டக்'குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. நீயும் கேட்டியா?"

நான் தலையை ஆட்டினேன். கேட்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் கேட்டேன் என்று எடுத்துக்கொண்டார். காரணம்: செருப்பு.

புதன்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சார் கட்டடத்துக்குள் வரவில்லை. தூரத்தில், கல்லூரி கேட்டுக்கு வெளியே, செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு சரளைக் கல்லில் வெறுங்காலோடு நின்றார். கால் மாற்றி மாற்றி நின்றார். தலைமயிர் நரைத்த மனிதர், வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த பையனைப் போல. அதைப் பார்த்துவிட்டும் நான் தட்டினேன். மூன்றாவது தட்டுக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை.

எட்டு மணிக்கு அவர் வந்தார். "வந்துடுச்சா?"

அண்ணி இல்லையென்று தலையசைத்தார்.

"நான் மூச்சுகூட விடலையேம்மா" என்றார் சார். பிறகு தணிந்த குரலில், "பத்து நாளைக்கு முன்னாடி எழுதினா, இந்த வாரம்தான்னு. இதுக்குள்ள பொறந்திருக்கணும். தந்தி குடுத்தா நான் பதறிப்போயிடுவேன்னு அவ தந்தியே குடுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கா. அதான் இத நம்பிக்கிட்டிருக்கேன்."

அன்றைக்குக் காரணம் என்ற கட்டத்தில் எதுவும் எழுத எனக்குக் கை வரவில்லை. காலியாக விட்டேன்.

வியாழக்கிழமை நான் தட்டவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வரட்டும், வந்துவிடட்டும், அண்ணி போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. ஏழு ஐம்பது. ஏழு ஐம்பத்தைந்து. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். இங்கே கட்டெறும்பு வளர்ந்து கழுதையாகியிருந்தது. மூன்று நாள் மூட்டைகளும் நான்காம் நாளோடு சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் அடங்காத அளவுக்குப் பருத்துவிட்டன. சரியாக எட்டு மணிக்குத் தலைநகரம் தொடர்பைத் துண்டித்துக்கொண்டது. பாதி மூட்டைக்குக் கூட்டுத்தொகை ஏது? வந்த பாதியும் குப்பைக்குப் போயிற்று.

இனிமேல் நான் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அது வரப்போவதில்லை. நாளைக்கு இன்னும் பெரிதாகும். நான் அவிழ்க்க நினைத்தபோது முடிச்சு என் கையில் இல்லை.

கல்லு சார் கதவருகே வந்து, "நாளையிலேர்ந்து நான் வரலம்மா" என்றார். "என் ராசியோ என்னவோ. நான் இந்தப் பக்கம் இல்லேன்னா வந்தாலும் வரும்." அண்ணி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டார்.

அண்ணி தலைநகரத்து அறைக்கு டெலிபோன் செய்தார். அங்கிருந்த ஆபரேட்டரின் குரல் எனக்கே கேட்டது. "என்னம்மா, உங்க காலேஜ் முழுக்க ஜலதோஷமா? நாலு நாளா ஒரே மூட்டையத் தள்ளித் தள்ளி எனக்கே முதுகு வலிக்குது."

"அண்ணே, அத ஒரே மூட்டையா அனுப்ப வேண்டாம். வெட்டுங்க."

"என்னது?"

"சின்னச் சின்னத் துண்டா வெட்டுங்க. ஒவ்வொண்ணுலயும் எங்கேர்ந்து, எங்க, எத்தனாவது துண்டுன்னு எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனிக் கூட்டுத்தொகை. புரோகிராம் போன மாசம் உங்களுக்கு அனுப்பினேனே."

"அதையா? விளையாட்டுக்கு எழுதினீங்கன்னு நெனச்சேன். அப்படியே வெட்டினாலும் அரை மணிக்குள்ள அத்தனையும் போகாதே."

"ஒத்தப்படை நம்பரெல்லாம் எங்க நேரத்துல அனுப்புங்க. ரெட்டப்படைய விவசாயக் கல்லூரி நேரத்துல அவங்களுக்கு அனுப்பிடுங்க. அவங்க மத்தியானம் எங்களக் கூப்பிட்டுக் குடுப்பாங்க. நான் சொல்லி வைக்கறேன்."

"தல ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் வருமேம்மா?"

"வரட்டும். நம்பர் இருக்குல்ல, இங்க அடுக்கிக்கறோம்."

ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம், "வீடு மாத்தறப்ப பீரோவ முழுசாத் தூக்கினா வாசல்லயே மாட்டிக்கும். கழட்டி, நம்பர் போட்டு, ஆளுக்கொரு பலகையா எடுத்துட்டுப் போனா எந்தச் சந்து வழியாவும் போகலாம். ஒரு பலக தொலஞ்சா அத மட்டும் திரும்பக் கேட்டாப் போதும்" என்றார். அவர் முகம் பளிச்சென்று இருந்தது. நான்கு நாள் கடிதம் வராத கவலையைக்கூட மறந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை துண்டுகள் வந்தன. ஒன்று, மூன்று, ஐந்து என்று திரையில் எண்கள் ஏறின. பதினேழாவது துண்டு வரும்போது தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கூட்டல் உதைத்தது. எங்கள் கம்ப்யூட்டர், 'பதினேழு மட்டும் மறுபடி' என்று தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டது. மற்றவை அவற்றின் இடத்தில் அப்படியே இருந்தன. மத்தியானம் விவசாயக் கல்லூரி வழியாக இரட்டைப்படை எண்கள் முன்பின்னாக வந்து, தங்கள் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. இரண்டு மணிக்கு நான்கு நாள் கடிதங்களும் முழுசாக இருந்தன.

இன்றைக்கு அதைத்தான் இன்டர்நெட் என்கிறார்கள். யாரோ ஒருவர் ஒருநாள் கண்டுபிடித்துத் திறந்து வைத்தார் என்று சின்னப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அண்ணியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே பல நாடுகளில், எங்களுடையதைப் போன்ற அறைகளில், மூட்டை தொலைந்து சலித்துப்போனவர்கள் இதையே யோசித்திருந்தார்கள். ஓர் அறையை இன்னோர் அறையோடு இணைத்து, ஒரு வழி அடைத்தால் மறுவழி, ஒரு துண்டு போனால் மறுதுண்டு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள். கம்பி அறுந்துபோகும், இயந்திரம் நின்றுபோகும் என்று எதிர்பார்த்தே கட்டினார்கள். நடுவில் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்பதையும் யாராவது எதிர்பார்த்திருப்பார்கள்.

நான் அச்செடுத்தேன். ஆராய்ச்சிக்கூடத்தின் கடிதம் திங்கட்கிழமை மூட்டையில் இருந்திருக்கிறது. 'மகிழ்ச்சியோடு அழைக்கிறோம்.' அண்ணி அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார். கல்லு சாருக்கு இரண்டு கடிதங்கள் இருந்தன. திங்கட்கிழமை மூட்டைக்குரியது: 'சிக்கலாகிவிட்டது. நாளை ஆபரேஷன். அதற்கு முன் உங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாள். இந்த நம்பரில், உங்கள் நேரப்படி திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குள் கூப்பிடுங்கள்.' வியாழக்கிழமை மூட்டைக்குரியது: 'பெண் குழந்தை. இருவரும் நலம். நீங்கள் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.'

அந்தத் தாள்களை நான் மரத்தட்டில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தேன். அண்ணிதான் வாங்கி, அந்தப் பக்கமாகப் போன பியூனிடம் கொடுத்தனுப்பினார்.

பிறகு ரெஜிஸ்டரைத் திறந்தார். துண்டுகள் வந்ததைப் பற்றி ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. "திங்கள், தும்மல். செவ்வாய், செருப்பு. வியாழன், நேரம் போதல." பென்சில் பின்னோக்கிப் போனது. "புதன் காலியா இருக்கே? எழுத மறந்துட்டியா?"

நான் மற்றத் தாள்களைத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு அவரு கேட்டுக்கு வெளியதானே நின்னாரு? நான் வர்றப்ப பாத்தேன். அங்கேர்ந்து தும்மினாலும் இங்க எப்படிக் கேக்கும்?"

"நான்தான் அண்ணி."

"நீ என்ன?"

விரலை மடக்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினேன்.

அண்ணி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன நாள்?"

மூன்று விரலைக் காட்டினேன்.

"வாயால சொல்லு."

"மூணு நாள்."

"உங்க அண்ணன் சொல்லிச் செஞ்சியா?"

"இல்ல அண்ணி."

"சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரே. உள்ள வேற ஏதாவது வச்சுக்கிட்டு..."

"அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நானாத்தான் செஞ்சேன்." என் பேச்சால் அண்ணன் மேல் ஒரு சந்தேகம் விழுந்து, என் பேச்சாலேயே அதைத் துடைக்க வேண்டியிருந்தது. "நீங்க போய்ட்டா நான் வீட்டுக்குப் போகணும். அதான்."

அண்ணி பென்சிலைக் கீழே வைத்தார். "உன்ன வாயில்லாப் பூச்சின்னு நெனச்சிருந்தேன்" என்றார். "போகாதீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா போகமாட்டீங்களா?"

"போயிருப்பேன். ஆனா உன்கூட ஒரு சண்டையாவது போட்டுட்டுப் போயிருப்பேன். இப்ப என்னன்னு நெனச்சுக்கிட்டுப் போறது?" ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். "மூணு கட்டத்தையும் சரிபண்ணு. கல்லு சார்கிட்ட நீ போறியா, நான் போகட்டுமா?"

தும்மலையும் செருப்பையும் அடித்துவிட்டு எழுதினேன். 'நான் மேசையைத் தட்டினேன்.' கீழே ஒருமுறை, அதற்குக் கீழே ஒருமுறை.

கல்லு சாரின் அறையில் சுவர் முழுக்கக் கற்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய சீட்டில் கிடைத்த இடமும் தேதியும் இருந்தன. இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா. நான் தாத்தா ஆயிட்டேன்" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. எதற்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நின்றபடியே சொன்னேன். நான்கு வாக்கியம். என் வாழ்நாளில் வீட்டாரல்லாத ஒருவரிடம் தொடர்ச்சியாக அவ்வளவு பேசியது அதுதான் முதல்முறை.

சார் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை நான் தும்மினது நெஜம்."

"ஆமா சார்."

"நீ தட்டினது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி சார். அஞ்சு நிமிஷம் முன்னாடி."

"அப்ப நான் தும்மாம இருந்திருந்தாலும் வந்திருக்காது."

"வந்திருக்காது சார்."

அவர் அதை ஒரு கல்லைக் கையில் எடைபார்ப்பது போல யோசித்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு நாளா என் மேலதான் எனக்குக் கோவம்" என்றார். "அவ ஆபரேஷனுக்குப் போறப்ப நான் அந்தப் பெஞ்சுல மூக்கப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்." இரண்டாவது தாளைக் கையில் எடுத்தார். "அப்பா ஏன் கூப்பிடலன்னு அவ கேக்கறா. நான் எழுதினா 'லைன் சரியில்லம்மா'ன்னு மழுப்பிடுவேன். நீ எழுது."

"சார், நான்... எனக்கு அவங்களத் தெரியாதே."

"அவளுக்கும் உன்னத் தெரியாது. எழுது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதினேன். 'உங்கள் அப்பா திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கே வந்து காத்திருந்தார்' என்று தொடங்கினேன். காரணம் என்று எதையும் நீட்டி எழுதவில்லை. எப்படி எழுதினாலும் அது சாக்குப்போக்காகவே வந்தது. 'உங்கள் கடிதத்தை வரவிடாமல் செய்தவள் நான். அவர் கேட்டுக்கு வெளியே வெறுங்காலோடு நின்றதைப் பார்த்துவிட்டும் செய்தேன்' என்று எழுதியபோது நிறுத்திவிட்டேன். அந்த நாட்களில் ஒரு கடிதம் போகிற வழியில் நான்கு கம்ப்யூட்டர்களில் தங்கிப் போகும். நான்கிலும் என்னைப் போல யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரும் வாசிக்காமல் விடமாட்டார். இத்தனை நாள் எல்லோருடைய கடிதத்தையும் படித்தவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது. அந்த வரியை அழிக்க விரல் போனது. அழிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணியும் என்னோடு ஏழு மணிக்கே வந்தார். அனுப்ப வேண்டிய கடிதங்கள் இரண்டு இருந்தன. ஆராய்ச்சிக்கூடத்துக்கு அண்ணியின் சம்மதம், என்னுடையது. கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துப் பதினான்கு துண்டுகளாக வெட்டியது. நான் நம்பரைச் சுழற்றி, விசில் கேட்டதும் ரிசீவரைக் கவிழ்த்தேன். அண்ணி எனக்கு எதிரே உட்கார்ந்தார். என் கை மேசையின் மேல் இருந்ததை அவர் பார்ப்பதைக் கண்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

எண்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்பதாவது துண்டு உதைத்தது. என்ன சத்தம் என்று தெரியவில்லை. அறையில் எதுவும் அசையவில்லை. அண்ணி சட்டென்று என்னைப் பார்த்தார். என் இரண்டு கையும் மடியில்தான் இருந்தன. அதை அவரும் பார்த்தார். ஆனாலும் முதலில் என்னைத்தான் பார்த்தார். இனி எப்போது எது உதைத்தாலும் முதலில் என்னைத்தான் பார்ப்பார் என்று புரிந்துகொண்டேன்.

தலைநகரம் ஒன்பதை மறுபடி கேட்டது. எங்கள் கம்ப்யூட்டர் மறுபடி கொடுத்தது. அதில் இருந்தது அண்ணியின் 'வருகிறேன்' என்ற சொல்லா, என் கடிதத்தின் ஏதோ ஒரு வரியா, தெரியாது. பதினான்குக்கும் 'கிடைத்தது' வந்தது.

"எட்டாச்சு" என்றார் அண்ணி. "ரிசீவர எடுத்து வை."

எடுத்து வைத்தேன்.